மறு: ஸ்லோவேனிய ஆண்பால் – ‘உயர்திணை ஆண்பால்’ வேண்டாம்

நண்பர்களே,

ஸ்லோவேனிய மொழியின் ஆண்பால் பெயர்களில் ஒரு வகைக்குத் தமிழில் ‘உயர்திணை ஆண்பால்’ என்று பெயர் வைக்கலாம் என்கிறீர்கள். அதில் ‘ஆண்பால்’ என்ற சொல்லோடு எனக்குத் தகராறு இல்லை. ஸ்லோவேனியத்தில் பாலம் (மோஸ்த்) ஆண்பால், மேசை (மீஸா) பெண்பால். இந்தி படித்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய கூத்துதான். பொருளுக்கல்ல, சொல்லுக்குத்தான் பால் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

சிக்கல் அடுத்த படியில். அந்த ஆண்பாலுக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. செயப்படுபொருளாக வரும்போது உயிருள்ளதன் பெயர் ஆறாம் வேற்றுமை வடிவத்துக்கு மாறும், உயிரற்றது எழுவாயில் இருந்தபடியே நிற்கும். ஸ்லோவேனியத் தலைநகர் லியூப்லியானாவில் 1901இல் திறந்த டிராகன் பாலம் இருக்கிறதே, அந்தப் பாலத்தைப் பார்த்தால் ‘விதிம் மோஸ்த்’ (விதிம் என்றால் பார்க்கிறேன்), அதன் மூலையில் உட்கார்ந்திருக்கும் டிராகனைப் பார்த்தால் ‘விதிம் ஸ்மாயா’. ஸ்மாய் என்பது ஸ்மாயா ஆகிவிட்டது, அது வெறும் உலோகச் சிலைதான் என்றாலும்! இதெல்லாம் ஒருமையில் மட்டும். இருமை (இரண்டைக் குறிக்கும் வடிவம்), பன்மைக்குப் போனால் வித்தியாசம் மறைந்துவிடும்.

இப்படி வடிவம் மாறும் உயிருள்ள வகைக்குத்தான் ‘உயர்திணை ஆண்பால்’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். நாயும் கரடியும் இதில் வருகின்றனவே, அவற்றை எங்கே வைப்பது? தமிழிலேயே திணை வேறு, உயிர் வேறு. நாய் அஃறிணை, ஆனாலும் ‘நாயிடம் கொடுத்தேன்’ என்கிறோம், ‘பெட்டியிடம் கொடுத்தேன்’ என்பதில்லை. ஆகவே என் பரிந்துரை: உயிரி ஆண்பால், உயிரிலி ஆண்பால்.

கார் உயிரியா என்று உடனே கேட்பீர்கள், ஏனென்றால் ஃபோர்டு வாங்கினேன் என்பதற்கு அங்கே ‘ஃபோர்டா’ என்றுதான் சொல்ல வேண்டும். புற்றுநோயும் அப்படித்தான், ‘ராக்’ (நண்டு என்றும் பொருள்) ‘ராகா’ ஆகும். கேள்வி சரிதான். ஆனால் அவர்களுடைய இலக்கணக்காரர்களே இதை ‘ஷிவோஸ்த்’ என்கிறார்கள், ‘ஷிவ்’ என்றால் உயிருள்ள. அவர்கள் கூச்சப்படாத இடத்தில் நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

அப்புறம், வரையறையை மட்டும் வடிவத்தை வைத்து எழுதுங்கள், பொருளை வைத்து வேண்டாம். ரொட்டி (க்ரூஹ்) உயிரிலி. ‘எந்த ரொட்டி வேண்டும்?’ என்று கடைக்காரர் கேட்டால், பெயரை விட்டுவிட்டு ‘வெள்ளை’ என்று மட்டும் பதில் சொல்கிறவர் ‘பேல்’ என்பதில்லை, ‘பேலேகா’ என்று உயிரி வடிவத்தில் சொல்வார். பெயர்ச்சொல் போனதும் பெயரடைக்கு உயிர் வந்துவிடுகிறது! இதைப் ‘பொருளால் உயிருள்ளவை’ என்கிற வரையறைக்குள் எப்படி அடைப்பீர்கள்?