கன்வெக்‌ஷன் ஓவன்ல (உள்ள ஃபேன் ஓடுற ஓவன்) கேக் மேல கருகுது உள்ள பச்சையா இருக்கு, என்ன பண்றது?

பொங்கோல்_புதுவீடு:
எல்லாருக்கும் வணக்கம். பிடிஓ வீடு (சிங்கப்பூர்ல அரசாங்கம் கட்டி விக்கிற புது ஃபிளாட்) கிடைச்சு இப்பதான் குடி வந்தோம், ஆசைப்பட்டு பில்ட்-இன் ஓவன் போட்டாச்சு. அம்மா வீட்டுல மேலயும் கீழயும் கம்பி சூடாகுற பழைய சின்ன ஓவன்தான், அதுல பட்டர் கேக் கண்ண மூடிட்டு செய்வேன். இங்க அதே ரெசிபி, அதே லோஃப் டின், அதே 180 டிகிரி, ஃபேன் படம் போட்ட செட்டிங்ல வச்சேன், அரை மணி நேரத்துல நடுவுல எரிமலை மாதிரி வெடிச்சு ஓரமெல்லாம் கருப்பு, குச்சி விட்டு பார்த்தா மாவு அப்படியே ஒட்டிட்டு வருது. ரெண்டு தடவ ஆயிடுச்சு, ரெண்டு தடவயும் 250 கிராம் பட்டர் குப்பைக்கு. தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்கு செஞ்சு எடுத்துட்டு வரேன்னு வேற வாய விட்டுட்டேன். ஓவன் கோளாறா இல்ல நான்தான் கோளாறா?

உட்லண்ட்ஸ் அக்கா:
ரெண்டும் இல்லம்மா, ஃபேன்தான். ஈரத்துணிய ஃபேனுக்குக் கீழ போட்டா சீக்கிரம் காயுதுல்ல, அதே கதை. சூட்டுக் காத்து ஓடிட்டே இருக்கறதால கேக் மேல்பக்கம் சீக்கிரம் வெந்து தோல் கட்டிடுது, உள்ள மாவு அதுக்கப்புறம்தான் பொங்குது, வழி இல்லாம தோல கிழிச்சுட்டு வெளிய வருது. பழைய ரெசிபில 180னு இருந்தா ஃபேன்ல 160 வைங்க, 10 நிமிஷம் முன்னாடியே குச்சி விட்டு பாருங்க. லோஃப் டின் ஆழமா இருக்கும், நான்னா 150தான் வைப்பேன், நேரம் கூடினா கூடட்டும். டின் கருப்பா இருந்தா ஓரம் இன்னும் சீக்கிரம் சிவக்கும், வெள்ளி கலர் டின் பாருங்க. உங்க ஓவன்ல மேல ஒரு கோடு கீழ ஒரு கோடு மட்டும் போட்ட படம் இருந்தா அதுல ஃபேன் ஓடாது, அம்மா வீட்டு 180 அங்க செல்லும்.

செங்காங்_அப்பா:
அக்கா சொன்னது சரி, ஆனா டயல்ல இருக்கற நம்பர நம்பாதீங்க. நான் பூன் ஹுவாட்ல (பேக்கிங் சாமான் கடை) ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி நடு ரேக்ல தொங்க விட்டேன், 180 வச்சா 205 காட்டுது! ஒரு வருஷமா என் பொண்டாட்டி கேக்க நான் கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கேன் லா, இப்ப வரைக்கும் சொல்லிக் காட்டுறா. இன்னொன்னு, ஓவன் சூடாயிடுச்சுன்னு லைட் அணைஞ்ச உடனே கேக்க உள்ள தள்ளாதீங்க, காத்துதான் சூடாயிருக்கும், சுவர் சூடாக இன்னும் 10 நிமிஷம் விடுங்க.

தேக்கா_கோழி:
கேக் பக்கம் நான் போறதில்ல. ஆனா தந்தூரி சிக்கனுக்கு இந்த ஃபேன் வரம்ங்க. ஒரே தப்பு, எல்லாரும் ஆழமான ட்ரேல அடுக்கி வைக்கறது, காத்து போக வழியில்லாம தயிர் தண்ணியிலயே கோழி வெந்து குழம்பு மாதிரி ஆயிடும். கம்பி ரேக் மேல இடம் விட்டு வைங்க, கீழ தட்டையான ட்ரே, மசாலால தயிர வடிகட்டி கெட்டியா போடுங்க. எலும்போட தொடைக்கு 200ல 35 நிமிஷம், எலும்பு கிட்ட 74 டிகிரி வந்தா போதும். ரேக் முழுக்க ஃபாயில் மட்டும் விரிச்சிடாதீங்க, அப்புறம் ஃபேன் எதுக்கு?

பொங்கோல்_புதுவீடு:
நன்றி அக்கா, நன்றி அண்ணன்களா. இப்பதான் எடுத்தேன்! 150, 55 நிமிஷம். வெடிக்கல, சின்னதா ஒரு கீறல்தான், குச்சி சுத்தமா வந்துச்சு. ஆனா ஃபேன் பக்கம் இருந்த முனை மட்டும் கொஞ்சம் அதிகமா சிவந்திருக்கு?

உட்லண்ட்ஸ் அக்கா:
எல்லா ஓவனுக்கும் ஒரு முரட்டு மூலை இருக்கும்மா. 40 நிமிஷம் ஆனதும் டின்ன திருப்பி வைங்க, அதுக்கு முன்னாடி கதவ திறந்தா நடுவுல அமுங்கிடும். மாமியாருக்கு அந்த சிவந்த முனைய வெட்டிட்டு குடுங்க, அத நீங்க காப்பிக்கு வச்சுக்கலாம்.