செல்போன் கடைக்குப் பாதுகாப்பு: 45 ஆயிரத்தில் எதை முதலில் செய்வது?

செல்கடை_திண்டுக்கல்:
எல்லோருக்கும் வணக்கம். மெயின் ரோட்டில் வாடகைக் கடை. 10 அடி அகலம், 22 அடி நீளம், கான்கிரீட் கூரை. முன்னால் 9 அடி ரோலிங் ஷட்டர், 20 கேஜ் பட்டை. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பூட்டு, நடுவில் ஒன்றும் கிடையாது. பின்சுவரில் எக்சாஸ்ட் ஃபேனுக்காக விட்ட 12 அங்குல ஓட்டை. ஃபேன் கழன்றுவிட்டது, இப்போது அட்டை வைத்து அடைத்திருக்கிறது. புது போன் நாற்பது ஐம்பது இருக்கும். சர்வீஸுக்கு வந்த போனும் இருபதுக்குக் குறையாமல் ராத்திரி கடையிலேயே இருக்கிறது. ஈபி மீட்டரும் மெயின் சுவிட்சும் வெளியே மாடிப்படிக்கு அடியில். கையில் 45 ஆயிரம்தான். கேமரா விற்பவர் 8 கேமரா போடச் சொல்கிறார். முழுப் பணத்தையும் அதில் போடலாமா?

இரும்புப்பட்டறை:
8 கேமரா வேண்டாம் அண்ணே. பாதிப் பணம் முதல்ல இரும்புக்குப் போகட்டும். கேமரா ஆளைப் படம் பிடிக்கும், கையைப் பிடிக்காது.

ரெண்டு ஓரமும் பூட்டின ஷட்டர்ல பூட்டை யாரும் தொடவே வேண்டியதில்லை. நடுவுல கடப்பாரையோ கார் ஜாக்கியோ கொடுத்து நெம்பினா அடிப்பட்டை வில்லு மாதிரி மேல வளையும். ஒன்றே கால் அடி தூக்கினாப் போதும், ஒல்லியான ஆள் படுத்தபடி உள்ளே போயிடுவான். பூட்டு ரெண்டும் பூட்டினபடியே தொங்கும். 9 அடி நீளத்துக்கு அடியில இருக்கறது பெரும்பாலும் மெல்லிசுத் தகடுதான், அதான் வளையுது.

அடிப்பட்டைக்கு உள்பக்கமா, முழு நீளத்துக்கும் 50×50×6 ஆங்கிள் வெல்டிங் வைங்க. அது மீட்டருக்கு 4.5 கிலோ, உங்க ஷட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ கூடும். அந்த எடைக்கு ஸ்பிரிங்கை மறுபடி முறுக்கியே ஆகணும். முறுக்காம விட்டா ஷட்டர் பாதியில நிக்காது, சடக்குன்னு இறங்கும், கால் போயிடும். ஸ்பிரிங்கை நீங்களே தொடாதீங்க, ஷட்டர் வேலைக்காரர்தான் செய்யணும். தூக்கும்போது ஆங்கிள் மேலே லிண்டல்ல இடிக்காம ஸ்டாப்பரையும் சரிபார்க்கச் சொல்லுங்க.

அடுத்து நடுப்பூட்டு. 16 மி.மீ. கம்பியை ‘ப’ மாதிரி வளைச்சு, ரெண்டு கால் நுனியையும் வெளிப்பக்கம் மடக்கி, 9 அங்குலக் குழியில 1:2:4 கான்கிரீட் போட்டுப் புதைக்கணும். 7 நாள் தண்ணி காட்டணும். கம்பியோட தலை தரைக்கு மேல 2 அங்குலம் நின்னாப் போதும். ஷட்டர்ல நாக்கு மாதிரி ஒரு 8 மி.மீ. தகடு வெல்டிங் பண்ணி, அதுல இருக்கற துளை கம்பி மேல உக்காரணும், பூட்டு அந்தத் தலைக்குள்ள போகும். பகல்ல யாரும் இடறாம இருக்க மஞ்சள் பெயின்ட் அடிச்சிடுங்க. குழி வெட்ட சோம்பல்பட்டு டைல்ஸ் மேல ஆங்கர் போல்ட் அடிச்சுத் தகடு வைப்பாங்க, ஒத்துக்காதீங்க. டைல்ஸுக்குக் கீழ ரெண்டு அங்குலக் கலவையும் மண்ணும்தான். ஒரு நெம்புக்கு டைலோட பேர்ந்து வரும்.

பூட்டு வளையம் வெளியே தெரியாத உருண்டைப் பூட்டா வாங்குங்க. வளையம் தெரிஞ்சா போல்ட் கட்டர் வாய் உள்ள நுழைஞ்சிடும். பேட்டரி கிரைண்டர் எதையும் அறுக்கும்தான், ஆனா அதுக்குச் சத்தமும் நேரமும் ஆகும். அந்த நேரத்துல கத்த ஒரு சைரன் இருக்கணும், அதைக் கேமரா தெரிஞ்சவங்க சொல்வாங்க.

இன்னும் ரெண்டு. கொண்டி போல்ட்டோட நட்டு வெளிப்பக்கம் இருந்தா பூட்டே தேவையில்லை, ஸ்பேனர் போதும். நட்டை உள்ளே மாத்தி, மரை மேல ஒரு பொட்டு வெல்டிங் வைங்க. ஷட்டர் பட்டை நுனியைக் கைடு சேனல் கிட்ட டார்ச் அடிச்சுப் பாருங்க: ஒண்ணு விட்டு ஒரு பட்டைக்காவது எண்ட் லாக் (பட்டை பக்கவாட்டுல நகராம நுனியில மாட்டற இரும்புத் துண்டு) இருக்கணும். இல்லேன்னா பட்டையைப் பக்கவாட்டுல தள்ளி சேனலை விட்டே வெளியே எடுத்திடலாம்.

பின்சுவர் ஓட்டையை நாளைக்கே அடைங்க. 12 மி.மீ. சதுரக் கம்பி, 4 அங்குல இடைவெளி. கம்பி சுவருக்குள்ள 3 அங்குலம் போய்ப் பூசப்படணும். மரச்சட்டத்துல ஸ்க்ரூ போட்ட கிரில் ஸ்க்ரூ டிரைவருக்குக் கழண்டுடும்.

கேபிள்காரர்:
இரும்பு பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. உங்கள் கடைக்கு 4 கேமரா தாராளம். ஒன்று வெளியே ஷட்டரையும் மாடிப்படியையும் பார்க்க, ஒன்று உள்ளிருந்து வாசலைப் பார்க்க, ஒன்று கல்லா, ஒன்று பின்சுவர்.

எல்லோரும் கேமராவைக் கூரையோடு ஒட்டி வைக்கிறார்கள். கிடைப்பது தலைமுடியும் தொப்பியும்தான். வாசலைப் பார்க்கும் கேமரா ஆறரை, ஏழு அடி உயரத்தில் இருக்கட்டும். பகல் வெளிச்சம் பின்னால் அடிப்பதால் டபிள்யூடிஆர் (எதிர்வெளிச்சத்திலும் முகம் கருக்காமல் காட்டும் வசதி) கட்டாயம். லென்ஸைக் கேட்டு வாங்குங்கள். முகத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். 2 மெகாபிக்சல் கேமராவில் 2.8 மி.மீ. லென்ஸ் போட்டால் அது சுமார் 3 மீட்டர் வரைதான் கிடைக்கும், 6 மி.மீ. போட்டால் சுமார் 8 மீட்டர். வாசலுக்கு 6, கல்லாவுக்கு 2.8.

ஹார்ட் டிஸ்க் கணக்கு: ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜிபி. நாலுக்கும் சேர்த்து 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் 11 நாளில் நிரம்பி, பழையது அழிய ஆரம்பிக்கும். திருட்டுக்கு முன்னால் நோட்டம் பார்க்க வந்தவன் முகம் அதற்குள் போய்விடும். எச்.265 என்ற, படத்தைக் கூடுதலாகச் சுருக்கும் முறையில் நொடிக்கு 1 மெகாபிட் வைத்து 2 டிபி போட்டால் 30 நாள் தாண்டும்.

டிவிஆரை (கேமரா படத்தைப் பதியும் பெட்டி) கல்லா மேசைக்கு அடியில் வைக்காதீர்கள், உள்ளே வந்தவன் முதலில் அங்கேதான் குனிவான். பரணில், காற்றோட்டத் துளை உள்ள இரும்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள். பழுதான டிவிஆர் ஒன்று கிடைத்தால் அதை மேசைக்கடியில் வயரோடு விட்டுவைக்கலாம்.

இப்போது சைரன். உங்கள் மெயின் சுவிட்ச் தெருவில் இருக்கிறது. ஃபீஸ் கட்டையைப் பிடுங்கினால் கதை முடிந்தது. 600 விஏ யுபிஎஸ் நாலு கேமரா, டிவிஆருக்கு ஒரு மணி நேரம் சொச்சம் தாங்கும், விடிய விடியத் தாங்காது. அதனால் தனி பேட்டரி உள்ள, சிம் போட்டு உங்கள் போனுக்கு அழைக்கும் ஜிஎஸ்எம் அலாரம் பேனல் வாங்குங்கள். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, 200 மில்லிஆம்பியர் இழுக்கும் பேனலை ஒரு நாளுக்கு மேல் ஓட்டும். ஷட்டருக்குக் கதவு சென்சார் வேண்டாம். லாரி போனாலே ஷட்டர் அதிரும், அது கத்தும், மூன்றாம் நாள் நீங்களே அணைத்துவிடுவீர்கள். தரையில் பொருத்தும் கனமான ஷட்டர் சென்சார் என்று கேளுங்கள். உள்ளே ஒரு பிஐஆர் (உடல் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார்), 7 அடி உயரத்தில், ஆள் குறுக்கே நடக்கிற வாக்கில். ஏசிக்கு எதிரே வேண்டாம்.

பேனல் 2ஜி மட்டும் எடுப்பதா என்று பாருங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம் போட்டால் அழைப்பே போகாது. சிம் ரீசார்ஜ் முடிந்தாலும் அதே கதை. மாதம் ஒருநாள் கடை மூடும்போது நீங்களே ஷட்டரைத் தூக்கிப் பார்த்து, போன் வருகிறதா என்று சோதியுங்கள். அன்றைக்கே வெளிக்கேமராவையும் துடையுங்கள். இருட்டில் படம் பிடிக்கக் கேமரா அடிக்கும் ஐஆர் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ஒரே ஒரு வலை இழை ராத்திரியில் முழுப் படத்தையும் வெள்ளையடித்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
கடன் வாங்கும்போது வங்கி எடுக்கச் சொன்ன இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தைரியமாக இருக்காதீர்கள். அது பெரும்பாலும் தீ விபத்துப் பாலிசி. 2021 ஏப்ரல் முதல் வந்த, சிறு தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியும் அப்படித்தான். தீ, வெள்ளம் போன்ற ஒரு சேதம் நடந்து 7 நாளுக்குள் அதை ஒட்டி நடக்கும் திருட்டுக்கு மட்டும் தரும். பூட்டை உடைத்த திருட்டுக்கு பர்கிளரி பாலிசி தனியாக எடுக்க வேண்டும். அதிலும் உடைத்து நுழைந்த தடயம் கேட்பார்கள். சாவி போட்டுத் திறந்திருந்தால் சிக்கல், ஆகவே வேலையை விட்டுப் போனவரிடம் சாவி இருந்திருந்தால் பூட்டையே மாற்றிவிடுங்கள். சர்வீஸ் போன்கள் உங்கள் சொத்தல்ல. பிறர் பொருள் நம் பொறுப்பில் என்று பாலிசியில் தனியே எழுதச் சொல்லுங்கள். இதைத்தான் நிறையப் பேர் விடுகிறார்கள்.

தினமும் கடை மூடுமுன் இருப்பில் உள்ள ஒவ்வொரு போனின் ஐஎம்இஐ எண்ணும் ஒரு பட்டியலில் ஏறி, அது கடைக்கு வெளியே இருக்க வேண்டும். புகார் நகல் கையில் வந்ததும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்களை முடக்கலாம்.

திருட்டு நடந்தால் எதையும் தொடாமல் 100 அல்லது 112. டிவிஆர் பழையதை அழிப்பதற்குள் பதிவைப் பிரதி எடுக்க வேண்டும். 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி, ஹேஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) சான்றிதழ் இணைக்க வேண்டும். டிவிஆர் கடிகாரம் தப்பாக இருந்தால் அங்கேயே கேள்வி வரும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும், வாரம் ஒருமுறை கைபேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

செல்கடை_திண்டுக்கல்:
மிக்க நன்றி. எண்ட் லாக் பார்த்தேன், வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. பின் ஓட்டைக்கு நாளை கொத்தனார் வருகிறார். ஒரே சிக்கல், தரையைத் தோண்டக் கட்டடக்காரர் சம்மதிக்கவில்லை. வேறு வழி உண்டா அண்ணே?

இரும்புப்பட்டறை:
உண்டு. எண்ட் லாக்கை முதல்ல போட்டுடுங்க. தரையைத் தொடாம, ஷட்டருக்கு உள்ளே ஒரு கொலாப்சிபிள் கேட் வைங்க. காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டுப் போகலாம். ஷட்டரை வளைச்சாலும் அடுத்து ஒரு கதவு நிக்கும். கேட் நடுவுல சேருற இடத்துல பூட்டு, கை நுழையாத மாதிரி தகட்டுப் பெட்டிக்குள்ள இருக்கணும். ஆனா கேட்டைச் சுவர்ல பிடிக்கிறதுலதான் எல்லாம் இருக்கு. உங்களுது செங்கல் சுவர்னா சாதா ஆங்கர் போல்ட் முறுக்க முறுக்கச் செங்கல் விரிஞ்சு, சும்மா சுத்தும். பக்கத்துக்கு நாலு 12 மி.மீ. ஸ்டட் (மரை போட்ட கம்பி), சல்லடை உறையோட கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள்ள பசை மருந்து விட்டு ஒட்டறது. துளைத் தூசியை ஊதி பிரஷ் போட்டு எடுத்த பிறகுதான் மருந்து விடணும், இல்லேன்னா ஒட்டாது. டியூப்ல போட்டிருக்கற நேரம் முடியற வரைக்கும் கேட்டை மாட்ட விடாதீங்க.