மாடியில் சோலார்: 3 கிலோவாட் அவசியமா, 2 போதுமா?

சாரல்வாசி

வணக்கம். வீடு தென்காசி பக்கம். மொட்டை மாடியில் மர நிழல் கிடையாது, தென்கிழக்கு மூலையில் தண்ணீர் டேங்க் மட்டும் நிற்கிறது. போன கோடையில் ஒரு கணக்குக்கு (இரண்டு மாதம்) 640 யூனிட் ஓடி, பில் 3,250 ரூபாய் கிட்ட வந்தது. சாரல், மழை மாதங்களில் ஏசி ஓடாது என்பதால் 360 யூனிட்டோடு நின்றுவிடும், ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

வந்து பார்த்த ஏஜென்ட், போட்டால் 3 கிலோவாட்தான் போட வேண்டும், அப்போதுதான் மத்திய அரசு மானியம் 78,000 முழுசாக வரும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். அப்பா அதற்குள் "இனிமே கரண்ட் போனாலும் நம்ம வீட்டுல ஃபேன் ஓடும்" என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லியாச்சு. எனக்குத்தான் குழப்பம். 3 தேவையா? சாரல் மாதங்களில் பேனல் சும்மா கிடக்குமா?

கணக்குப்பிள்ளை

ஏஜென்ட் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் ஈ.பி. அட்டையைக் கையில் எடுங்கள். நம்மூர் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று, முதல் 100 யூனிட் இலவசம், 500-க்குள் இருந்தால் 200 வரை யூனிட் 2.35, அதற்கு மேல் 400 வரை 4.70. 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகையும் போய்விடும், தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது ரூபாய். அடி விழுகிற இடம் அதுதான்.

ஒரு கிலோவாட் பேனல் நம் பக்கம் நாளுக்குச் சராசரி 4 யூனிட் கொடுக்கும் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 240. உங்கள் 640-இல் அதைக் கழித்தால் 400, பில் 1,175. ஆக முதல் கிலோவாட்டிலேயே இரண்டாயிரத்துக்கு மேல் மிச்சம். இரண்டாவது கிலோவாட் போட்டால் 160 யூனிட், பில் 141 ரூபாய். இன்னும் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். மூன்றாவது கிலோவாட் எதை மிச்சம் பிடிக்கும்? அந்த 141 ரூபாயை! அதுவும் கோடையில் மட்டும். அரசு சும்மா தருகிற 100 யூனிட்டைச் சொந்தக் காசு போட்டு மாடியில் தயாரிப்பானேன்?

மானியமும் அப்படித்தான். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000 மட்டும். 2 போட்டால் 60,000 வரும். பணத்தை முழுசாக நீங்கள் முதலில் கட்டிவிட வேண்டும், மீட்டர் மாட்டி எல்லாம் முடிந்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். பேனல் செல்லோடு சேர்த்து இந்தியத் தயாரிப்பாக இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. கொட்டேஷனில் டி.சி.ஆர். (உள்நாட்டுத் தயாரிப்பு) என்று எழுதி வாங்குங்கள்.

நான் போட்டது யூனிட் விலைக் கணக்கு மட்டும். சோலார் இணைப்புக்கு வேறு கட்டணம் ஏதும் சேருமா என்று ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஒயர்மேன்

தம்பி, அப்பாவிடம் முதலில் பேசு. நெட் மீட்டரோடு (மாடியில் தயாரித்ததைக் கழித்துக் கணக்குப் போடும் மீட்டர்) வருகிற, ஈ.பி. லைனோடு இணைந்த ஆன்கிரிட் சிஸ்டம், லைனில் கரண்ட் போனால் அடுத்த நொடி தானும் நின்றுவிடும், வெயில் கொளுத்தினாலும் சரி. அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கம்பத்தில் லைன்மேன் ஏறி நிற்கும்போது உன் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால் அவன் கதி என்ன? எத்தனை வருஷம் அந்தப் பயத்தோடு கம்பம் ஏறியிருக்கிறேன்!

கரண்ட் கட்டிலும் ஓட வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், விலை எங்கேயோ போய்விடும். உங்கள் ஊரில் மணிக்கணக்கில் கரண்ட் போகிறதா என்ன? வீட்டில் ஏற்கெனவே சாதா இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும், இரண்டுக்கும் சண்டை கிடையாது.

இன்னொன்று, எர்த்திங். பேனல் பக்கத்துக்கு, இன்வெர்ட்டருக்கு, இடிதாங்கிக்கு என்று தனித்தனிக் குழி தோண்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார். எல்லாவற்றையும் ஒரே கம்பியில் முடிந்துவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. சாரல் காற்று ஆடி மாதம் எப்படி அடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஸ்டாண்டின் கால் தளத்தில் எப்படி நிற்கிறது என்பதையும் கவனி. தளத்தைத் துளை போட்டால் ஐப்பசியில் ஒழுகும், கான்கிரீட் கட்டை வார்த்து அதில் போல்ட் பதிப்பது நல்லது.

மாடிவீட்டு மதுரைக்காரி

நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மாட்டிக் கொடுத்த ஆட்கள் (பெயர் வேண்டாம்) சித்திரையில் வந்து, "நிழலே இல்லைம்மா" என்று சொல்லி டேங்குக்கு வடக்கே பேனலை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது நிழல் இல்லைதான். சித்திரையிலிருந்து ஆவணி வரை உச்சி வெயில் நம் தலைக்கு நேராக, அல்லது கொஞ்சம் வடக்கே நிற்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போதுதான் வேடிக்கை. ஆறடி டேங்க் உச்சிப் பொழுதிலேயே நாலடிக்கு நிழல் போடுகிறது, காலை ஒன்பது மணிக்குப் பத்தடிக்கு நீளுகிறது. ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தாலே மொத்த உற்பத்தியும் சட்டென்று இறங்கிவிடும், எல்லாம் தொடராகக் கோத்திருப்பதால். ஸ்டாண்டைப் பிரித்து நகர்த்த மறுபடி எட்டாயிரம் அழுதேன்.

அப்புறம், போர் தண்ணீரை ஊற்றி மத்தியானத்தில் கழுவாதீர்கள். சூட்டில் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்துவிடும், லேசில் போகாது. விடிகாலையில் நல்ல தண்ணீரும் ஈரத் துணியும் போதும்.

சாரல்வாசி

எல்லாருக்கும் நன்றி. சாரல் மாதக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே!

கணக்குப்பிள்ளை

மறந்துவிட்டேன். மேகம் மூடினால் குறையும், ஆனால் சுத்தமாக நிற்காது. அந்த மாதங்களில் உங்கள் செலவே 360 யூனிட்தானே, 2 கிலோவாட் பேனல் பாதி கொடுத்தாலும் இலவச 100-ஐச் சேர்த்தால் பில் ஐம்பது ரூபாய்க்குள்தான். பங்குனி வெயிலில் பேனல் தகிக்கும்போதும் உற்பத்தி கொஞ்சம் அடிவாங்கும் என்பது வேறு விஷயம், காற்று அடியில் புகுந்து போக இடம் விட்டு உயரமாக மாட்டுங்கள். பிற்பாடு மின்சார ஸ்கூட்டர் வாங்குகிற யோசனை இருந்தால் மட்டும் இன்வெர்ட்டரை 3 கிலோவாட்டாக வாங்கிக்கொண்டு, பேனல் இப்போதைக்கு 2 போதும்.

சாரல்வாசி

சரி, 2 கிலோவாட்தான், 540 வாட் பேனல் நான்கு. டேங்குக்கு மேற்கே பன்னிரண்டு அடி தள்ளி சாக்பீஸில் கோடு போட்டுவிட்டேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெருவுல சொன்னது சொன்னதாவே இருக்கட்டும், பழைய பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி வை" என்றார்.