நாலு மாதமாக உபவாச ஜெபம், அவள் மனம் திரும்பவில்லை. என்ன செய்யட்டும்?

கேட்டவர்: பாளை வாலிபன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 28 வயது, பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்). நான் காதலிக்கிறவள் தூத்துக்குடி, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்). காலேஜில் தொடங்கி ஐந்து வருடப் பழக்கம். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் முறிந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா அவளை ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கறிக்குழம்பு வரை நன்றாகத்தான் போனது. ரசம் ஊற்றும்போது அம்மா, "கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம சபையில திடப்படுத்தல் எடுத்துரும்மா. அந்த ஜெபமாலையும் நமக்கு வேண்டாம்" என்றார்கள். திடப்படுத்தல் எடுத்தால் அவள் எங்கள் சபைக்கு மாறினதாகிவிடும். அவள் என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். பஸ் ஏறும்போது, "நீ ஏதாவது சொல்வேன்னு நினைச்சேன்" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை (வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதித் தரும் அட்டை) ஏசாயா 34:16, "இவைகளில் ஒன்றும் ஜோடில்லாதிராது". அதைப் பர்ஸிலேயே வைத்திருக்கிறேன். ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் அவள் பெயரைப் போட்டு ஜெபிக்கக் கேட்டேன். அது எப்படியோ அவள் காதுக்குப் போய், என் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். அவள் மனம் திரும்ப எப்படி ஜெபிப்பது?

நாசரேத் பெரியம்மா

தம்பி, என் வீட்டுக்காரர் குருவானவர். இந்தக் கேள்வி எங்கள் திண்ணைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

ஏசாயா 34-ஐ முழுதாக வாசித்தீர்களா? ஏதோம் தேசம் பாழாய்ப்போய், அங்கே வல்லூறு கூடு கட்டும் என்கிற அதிகாரம் அது. ஜோடு சேர்கிறது காட்டுப் பறவைகளும் மிருகங்களும்! வரன் பார்க்கிற வீடுகளில் இந்த வசனத்தைச் சொல்லாத ஆளில்லை, அது வேறு கதை. அட்டை பர்ஸில் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதை அந்தப் பெண்ணின் மேல் எழுதிய பத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் வாசிக்க வேண்டியது மத்தேயு 5:23, 24. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து" செலுத்து என்கிறார் ஆண்டவர். ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போகச் சொல்கிற இடம் அது. மனம் திரும்ப வேண்டியது அவளா, அப்பளம் நொறுக்கினவரா?

"அவள் இருதயத்தை என் பக்கம் திருப்பும்" என்று கேட்பதற்கும் கயிறு மந்திரித்துக் கட்டுவதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"ஆண்டவரே, அம்மாவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவள் பெயரை ஊர் வாயில் போட்டேன். என்னை மன்னியும். பேச வேண்டிய இடத்தில் பேச எனக்குத் தைரியம் தாரும். என்னோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவள் நன்றாயிருக்கட்டும். ஆமென்."

முத்துநகர் மருமகள்

இயேசுவுக்கே புகழ். நான் ஆர்.சி., என் வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. கோவிலில் கல்யாணம் செய்ய யாரும் சபை மாற வேண்டியதில்லை, தம்பி. எங்கள் பக்கம் ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்க முறையில் வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை அவருக்குத் தெரியப்படுத்தினார்கள், அவரிடம் வாக்கு கேட்கவில்லை. ஆனால் பிள்ளை யார் கோவிலில் ஞானஸ்நானம் பெறும் என்பதை இப்போதே பேசாவிட்டால் பின்னால் பெரிய சண்டை வரும். எங்கள் வீட்டில் வந்தது.

ஜெபமாலை சும்மா ஒரு மணிமாலை இல்லை. என்னுடையது பாட்டி சாகும்போது கையில் வைத்திருந்தது.

இன்னொன்று. வேறு நம்பரிலிருந்து கூப்பிடாதீர்கள், வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். பிளாக் செய்ததும் ஒரு பதில்தான். அவளுடைய தோழியிடம், "ஒரு மன்னிப்புக் கடிதம் தந்தால் வாங்கிக்கொள்வாளா?" என்று ஒருமுறை கேளுங்கள். மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

பழைய காதலன்

அண்ணே, நான் மூன்று வருடம் இப்படி ஜெபித்தேன். அவளுக்கு இப்போது கோயம்புத்தூரில் இரண்டு பிள்ளைகள். 2 சாமுவேல் 12-இல் தாவீது பிள்ளைக்காக ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசம் இருந்தான். பிள்ளை இறந்ததும் எழுந்து, குளித்து, சாப்பிட்டான். எனக்கு அந்த எழுந்திருக்கிற பாகம்தான் ரொம்ப நாள் வரவில்லை. உங்கள் உபவாசத்துக்கும் ஒரு தேதி வையுங்கள்.

பாளை வாலிபன்

பெரியம்மா, முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்த அதிகாரத்தை வாசித்தேன். வல்லூறுதான்.

குழுவில் மன்னிப்புக் கேட்டு, அவள் பெயரை இனி யாரும் எடுக்க வேண்டாம் என்று போட்டேன். அதற்கும் மூன்று பேர் ஆமென் போட்டார்கள். கடிதம் இன்னும் எழுதவில்லை. நேற்று ராத்திரி அம்மாவிடம், "அவ சபை மாற வேண்டாம்மா. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்" என்றேன். அம்மா திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் வழக்கம்போல் காபி வந்தது. சீனி இல்லை.