வெதர் ஸ்ட்ரிப்: கலைச்சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

கதவு பொருத்தும் கையேடு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெளிக்கதவின் இடுக்குகளில் காற்று புகாமல் இருக்க ஒட்டுகிற ‘வெதர் ஸ்ட்ரிப்’புக்கு ஒரு சொல் வேண்டும். வரைவில் ‘வானிலைப் பட்டை’ என்று இருக்கிறது. படிப்பவர் அதை மழைமானி போல ஏதோ கருவி என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘காற்றுத்தடை’ இயற்பியலில் வேறு பொருளில் வழங்குகிறது. ‘காப்புப் பட்டை’ என்றால் மின்கம்பியில் சுற்றுகிற டேப் நினைவுக்கு வரும். கதவின் அடிவிளிம்பில் பொருத்தும் ‘டோர் ஸ்வீப்’ பட்டைக்கும், அதற்குக் கீழே தரையோடு இருக்கும் ‘த்ரெஷோல்ட்’ படிக்கும் சேர்த்தே யோசித்துச் சொல்லுங்கள்.

———

> ‘காப்புப் பட்டை’ என்றால் மின்கம்பியில் சுற்றுகிற டேப்

சரிதான். ஆனால் சொல்லைத் தேடுமுன் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம் ஐயா.

2.1 மீட்டர் உயரம், 0.9 மீட்டர் அகலமுள்ள கதவை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் மேல்பக்கமும் சேர்த்து 5.1 மீட்டர். அவ்வளவு நீளத்துக்கும் 3 மி.மீ. சந்து இருந்தால் பரப்பு 153 சதுர செ.மீ. சுவரில் 12 செ.மீ.க்குச் சற்று அதிகமான பக்கமுள்ள சதுர ஓட்டை போட்டதற்குச் சமம். அடியில் 10 மி.மீ. இடைவெளி இருந்தால் இன்னொரு 90 சதுர செ.மீ. சேரும். அடிப்பக்கத்தை மட்டும் துணி வைத்து அடைத்துவிட்டு ‘இன்னும் குளிர்கிறதே’ என்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இந்தச் சந்தில் நிற்கும் பட்டை நசுங்கினால்தான் வேலை செய்யும். ஃபோம் பட்டை ஏறக்குறைய பாதிப் பருமனுக்கு நசுங்க வேண்டும், 3 மி.மீ. சந்துக்கு 6 மி.மீ. பட்டை. மெலிந்ததை ஒட்டினால் கதவு அதைத் தொடவே தொடாது. தடித்ததை ஒட்டினால் அது கதவை எதிர்த்துத் தள்ளும், பூட்டின் நாக்கு தகட்டுத் துளைக்குள் விழாது. பிறகு தினமும் தோளால் இடித்து மூடுவார்கள். நாளடைவில் கீலின் திருகுகள் தளரும்.

அதனால் என் பரிந்துரை ‘இடுக்குப்பட்டை’. இடுக்கு என்றால் சந்து. கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டான் என்னும்போது நெருக்கிப் பிடித்தல். பட்டை இருக்கும் இடம், அது படும் பாடு இரண்டையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது.

———

இடுக்குப்பட்டை நன்றாகவே இருக்கிறது. ஒரு தடை மட்டும். எல்லா வகையும் நசுங்குவதில்லையே? ‘வி’ வடிவப் பட்டை வில்போல விரிந்து கதவின் விளிம்பைத் தள்ளி நிற்கிறது. பிரஷ் பட்டை வெறுமனே உராய்கிறது. இரும்புக் கதவுக்கு வரும் காந்தப் பட்டை, குளிர்பதனப் பெட்டிக் கதவில் உள்ளதைப் போல, தானே போய் ஒட்டிக்கொள்கிறது.

———

> எல்லா வகையும் நசுங்குவதில்லையே?

எல்லாமே இடுக்கில்தானே நிற்கின்றன அம்மா. பொதுப்பெயருக்கு அது போதும். வகைக்கு முன்னொட்டு சேர்த்துக்கொள்ளலாம்: ஃபோம் இடுக்குப்பட்டை, காந்த இடுக்குப்பட்டை, பிரஷ் இடுக்குப்பட்டை. ‘வி’ பட்டைக்கு ‘மடிப்புப்பட்டை’ பொருந்தும். அதன் மடிப்பு, கதவு வந்து மூடும் பக்கத்தையும், திறந்த வாய் நிலையின் (கதவுச் சட்டத்தின்) காடியையும், அதாவது கதவு வந்து அமரும் வெட்டையும், பார்த்து இருக்க வேண்டும். மாற்றி ஒட்டினால் கதவின் விளிம்பு மாட்டிப் பட்டையைப் பிய்த்துக்கொண்டு போகும். பெயரிலேயே மடிப்பு இருந்தால் பொருத்துபவர் அது எந்தப் பக்கம் என்று ஒருமுறையாவது பார்ப்பார்.

ரப்பர் பட்டைகளின் குறுக்குவெட்டைக் குறிக்கும் ‘இ’, ‘பி’, ‘டி’ எழுத்துகளை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுங்கள். உறையில் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். பொதுவாக ‘இ’ சிறிய சந்துக்கு, 3.5 மி.மீ. வரை, ‘பி’ 2 முதல் 5 மி.மீ. வரை, அதற்கு மேல் ‘டி’.

த்ரெஷோல்டுக்குப் புதுச்சொல் எதற்கு? நிலை, நிலைக்கால், மேற்கட்டை, காடி, கீல் எல்லாம் தச்சர் வாயில் இருக்கிற சொற்கள். கீழே இருப்பது நிலைப்படி. ‘வாசற்படி’ என்று எழுதினால் வெளியே இருக்கும் கல்படிகளையும் சேர்த்து நினைத்துக்கொள்வார்கள்.

———

டோர் ஸ்வீப்பை ‘கதவு வாரி’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். கூட்டி வாருவது அதன் வேலை இல்லை. ‘கதவடிப்பட்டை’ என்று வைத்துக்கொள்வோம். ஸ்வீப் என்ற ஆங்கிலப் பெயரே ஆளைத் தவறான வழியில் நடத்துகிறது: நிலைப்படியை அழுத்தித் துடைக்கும்படி பொருத்திவிடுகிறார்கள், பட்டையின் நெகிழும் உதடு சில மாதங்களில் கிழிந்து தொங்குகிறது. உதடு படியைத் தொட்டும் தொடாமலும் வளைந்து நின்றாலே போதும்.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். தட்டிப் பாருங்கள்:

“களிமண் உருண்டைகளை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, காடியின் முகத்தில் சுமார் 40 செ.மீ.க்கு ஒன்றாக வைத்துக் கதவை மூடித் திறக்கவும். நசுங்கிய உருண்டையின் பருமனே அந்த இடத்தின் சந்து. அதற்கேற்ற இடுக்குப்பட்டையை 6 மீட்டர் வாங்கவும். பழைய பசையைச் சுரண்டி, காடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துக் காயவிடவும். முதலில் மேற்கட்டை, பிறகு நிலைக்கால்கள். பட்டையை இழுத்து ஒட்டக் கூடாது. பிறகு சுருங்கி மூலையில் வாய் திறக்கும். கதவடிப்பட்டையைக் கதவின் அகலத்தைவிட 2 மி.மீ. குறைத்து வெட்டி, கதவை மூடிய நிலையில், உள்நோக்கித் திறக்கும் கதவானால் உட்புறத்தில், வெளிநோக்கித் திறப்பதானால் வெளிப்புறத்தில் பொருத்தவும். திருகுகளை நீள்துளையின் நடுவில் இட்டால் பின்னர் ஏற்றி இறக்கலாம்.”

———

பத்தி தடையில்லாமல் ஓடுகிறது. ஒரு முக்கியமான குறை: கீல் பக்கத்துக்கும் பூட்டுப் பக்கத்துக்கும் ஒரே பட்டை என்பதுபோலப் படிக்கிறது. கீல் பக்கத்தில் கதவு முகத்தோடு முகம் வந்து அமர்வதில்லை, கத்தரிக்கோல்போல மூடுகிறது. அங்கே தடித்த பட்டை இருந்தால் கீலைப் பிடுங்கும். உருண்டை காட்டிய சந்துக்கு உரிய பட்டையைவிட ஒரு படி மெல்லியதை ஒட்டச் சொல்லுங்கள். அல்லது அந்தப் பக்கம் மட்டும் மடிப்புப்பட்டை.

இன்னொன்று. மேற்கட்டைக்கும் கதவுக்கும் நடுவிலான சந்து பூட்டுப் பக்கம் 6 மி.மீ., கீல் பக்கம் 1 மி.மீ. என்று இருந்தால் அது பட்டையின் வேலையே இல்லை, கதவு தொங்கியிருக்கிறது. மேல் கீலின் திருகுகளை இறுக்க வேண்டும். திருகு பிடிக்காமல் சுற்றினால் துளையில் பசை தடவிய மரக்குச்சிகளைச் செருகி, காய்ந்தபின் வெட்டிவிட்டு மறுபடி திருக வேண்டும். இதைச் செய்யாமல் 6 மி.மீ. சந்தை நிரப்பத் தடித்த பட்டை ஒட்டுவது, கோணிய சட்டத்துக்கு மெத்தை போடுகிற வேலை.

கீழ் மூலைகளுக்கும் ஒரு பெயர் வேண்டும். இடுக்குப்பட்டை முடிந்து கதவடிப்பட்டை தொடங்கும் இடத்தில் விரல் நுனி அளவு ஓட்டை நின்றுவிடும். எல்லாம் ஒட்டிய பிறகு ஊதுவத்திப் புகையைக் காட்டினால் பெரும்பாலும் அங்கேதான் சாயும். அதை அடைக்கும் ஆப்பு வடிவ ஃபோமுக்கு ‘மூலைத்துண்டு’ என்கிறேன்.

———

மூலைத்துண்டு ஏற்பு. இடுக்கு வழியே புகும் காற்றைக் குறிக்கும் ‘டிராஃப்ட்’ என்பதற்கு ‘இடுக்குக்காற்று’ என்று வைத்தால் குடும்பம் சேர்ந்துவிடும். ‘வாடை’ வேண்டாம், அது வடக்கிலிருந்து வருவது, இது கதவிடுக்கிலிருந்து வருவது.

கையேட்டில் எச்சரிக்கைப் பெட்டி ஒன்றும் தேவை. அறைக் காற்றை எடுத்து எரியும் எரிவாயு ஹீட்டரோ அடுப்போ உள்ள வீட்டில் எல்லா இடுக்கையும் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு தேங்கக்கூடும். அத்தகைய வீட்டில் காற்றுவழி தனியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டை ஒட்ட வேண்டும். அந்தக் ‘காற்றுவழி’யை எந்த இடத்திலும் ‘இடுக்கு’ என்று எழுதிவிடாதீர்கள், அடைத்துவிடுவார்கள்.

———

நன்றி. வரைவில் மாற்றிவிட்டேன்: இடுக்குப்பட்டை, மடிப்புப்பட்டை, கதவடிப்பட்டை, மூலைத்துண்டு, நிலைப்படி, இடுக்குக்காற்று. கீல் பக்கக் குறிப்பைப் படத்துக்கு மேலேயே போட்டிருக்கிறேன். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் பீய்ச்சும் ஃபோம் மட்டும் பாக்கி. அது அளவுக்கு மேல் உப்பினால் நிலைக்காலையே உள்ளே தள்ளிவிடும் என்பதால், ‘குறைந்து உப்பும்’ வகை என்று பெயரிலேயே தெரிய வேண்டும். ‘தாழுப்பல் நுரை’ வாயில் நுழையவில்லை. வேறு உண்டா?