ஸ்பைடர் மேன் 2 கேமை எல்லாரும் ஏன் இப்படித் தலையில் தூக்கி வைக்கிறார்கள்?

வெள்ளவத்தை வாசி:

கனநாளாக மண்டைக்குள் கிடக்கிற சந்தேகம், இங்கே கேட்டால் யாராவது தீர்த்துவைப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2004இல் ஸ்பைடர் மேன் 2 படம் வந்தபோது நான் ஆண்டு எட்டு. படம் பார்த்த சூட்டோடு அப்பாவை அரித்து, பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில் கேம் சீடியும் வாங்கியாயிற்று. கவரில் படத்தின் போஸ்டர், உள்ளே மார்க்கரால் பெயர் எழுதிய சீடி, அந்தக் காலத்தில் எங்கள் எல்லாருக்கும் 'ஒரிஜினல்' என்றால் அதுதானே. வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன், இரண்டு நாளில் அலுத்துவிட்டது. மவுசைக் காட்டிக் கிளிக் பண்ணினால் அவன் தன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டு போகிறான், நான் எதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்றே விளங்கவில்லை. சீடியை ஒரு பெடியனுக்குக் கொடுத்துவிட்டு அவனிடமிருந்து கிரிக்கெட் கேம் வாங்கிக்கொண்டேன்.

இப்போது யூடியூபில் எந்தப் பக்கம் திரும்பினாலும், படத்தை வைத்துச் செய்த கேம்களில் இதுக்கு மிஞ்சி ஒன்றுமில்லை என்கிறார்கள். போன கிழமை மகனிடம் அது வெறும் குப்பை என்று சொல்ல, அவன் ஒரு வீடியோவைக் காட்டி "அப்பா, நீங்க பொய் சொல்றீங்க" என்றான். அந்த நேரத்து விமர்சகர்கள் உண்மையிலேயே நல்லதாகத்தான் எழுதினார்களா, இல்லை சின்ன வயசு ஞாபகத்தில் எல்லாம் இனிக்கிறதா?

பழைய மெமரி கார்ட்:

தம்பி, நீங்களும் பொய் சொல்லவில்லை, மகனும் பொய் சொல்லவில்லை. நீங்கள் விளையாடியது வேறு கேம்.

பெயர் ஒன்று, கவர் ஒன்று, வெளியிட்டதும் அதே ஆக்டிவிஷன்தான். ஆனால் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் மூன்றுக்கும் செய்தது ட்ரேயார்க் ஸ்டூடியோ. கம்ப்யூட்டருக்குச் செய்தது ஃபிஸ் ஃபாக்டர் என்ற வேறொரு கம்பெனி, அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கென்று எளிமையாக்கிச் செய்தது. அதை விமர்சகர்களும் அப்போதே கிழித்தார்கள். கடையில் பெட்டியைப் பார்த்து வாங்கியவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் இருந்தது கம்ப்யூட்டர்தான், அதனால் இதே சந்தேகத்தைக் குறைந்தது நாலு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

பிளேஸ்டேஷன் பக்கத்துக் கதை வேறு. விமர்சகர்கள் போட்ட புள்ளிகளைச் சேர்த்து நூற்றுக்குச் சராசரி காட்டுகிற மெட்டாக்ரிட்டிக் தளத்தில் அந்த மூன்று பதிப்புகளும் 80ஐ ஒட்டித்தான் நிற்கின்றன, படத்தோடு வருகிற கேமுக்கு அது பெரிய விஷயம். எல்லாரும் புகழ்ந்தது ஒன்றைத்தான், அந்தத் தொங்கலை. 2002இல் வந்த முதல் கேமில் நூல் வானத்தில் ஒட்டும், மேலே கட்டிடம் இருக்கிறதா இல்லையா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். 2004இல் நூல் நிஜமாகவே ஒரு கட்டிடத்தில் போய்ப் பிடிக்க வேண்டும். அதற்குக் காரணம் ட்ரேயார்க்கில் இருந்த ஜேமி ஃப்ரிஸ்ட்ரோம் என்பவர். ஊஞ்சல் கணக்கில் வேகம் கூடிக் குறைகிற ஒரு முன்மாதிரியைச் செய்து காட்டி, இதைத்தான் செய்ய வேண்டும் என்று நின்றவர். எம்பும்போது விட்டால் பறப்பாய், தாழும்போது விட்டால் ரோட்டில் கிடப்பாய். சென்ட்ரல் பார்க்குக்குள் போனால் பிடிக்க உயரமாக ஒன்றும் இருக்காது, ஸ்பைடர் மேன் எங்களைப் போலக் காலால் ஓடுவான். ஹீரோ பாயிண்ட் சேர்த்துக் கடையில் வேகத்தை வாங்கி வாங்கி, கடைசியில் மன்ஹாட்டனை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தரையைத் தொடாமல் போன இரவில் நான் ரியூஷன் ஹோம்வொர்க்கைத் தொடவே இல்லை.

ஏழாவது கை:

அண்ணே, தொங்கலை விடுங்கள், மற்றதையும் சொல்லுங்கள். ஊருக்குள் இறங்கினால் திரும்பத் திரும்ப அதே ஆறேழு வேலை. கார் திருடன், மூழ்குகிற படகு, கையிலிருந்த பலூனைப் பறக்கவிட்டு அழுகிற பிள்ளை. அந்தப் பிள்ளை பத்தாவது தடவை கத்தும்போது எனக்கு வில்லன் டாக்டர் ஒக்டோபஸ் பக்கம் சேர்ந்துவிடலாமா என்று வரும். பீட்சா கொடுக்கிற வேலையில் ஒரு இத்தாலிப் பாட்டு ஓடும், இருபது வருஷமாகியும் போகவில்லை, இப்போதும் குளிக்கும்போது முணுமுணுக்கிறேன். சண்டையில் கேமரா எந்தச் சுவருக்குள் போய் நிற்கும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இதையெல்லாம் அப்போதைய விமர்சகர்களும் எழுதினார்கள், 90 போட வேண்டிய கேம் 80இல் நின்றது அதனால்தான். இப்போது வீடியோ போடுகிறவர்கள் அந்தப் பாதியை மறந்துவிட்டார்கள்.

சரி, மிஸ்டீரியோ என்ற வில்லனோடு வருகிற சண்டைக்கு மட்டும் மன்னிப்பு. கடைக்குள் நிற்கிறான், உயிர் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் காட்டுகிற அவனுடைய உயிர்க்கோடு ஒன்று நிறைகிறது, அதற்கு மேல் இன்னொன்று, இன்னொன்று, நமக்கு வயிற்றைக் கலக்கும். போய் ஒரு குத்து விட்டால் விழுந்துவிடுவான். அவ்வளவுதான் சண்டை!

கொட்டாஞ்சேனை:

அதே காலத்தில் படத்தோடு வந்த மற்றக் கேம்களையும் பார்த்தால்தான் இதற்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று விளங்கும். படம் வருகிற திகதி முதலிலேயே குறித்தாகிவிடும், கேம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அந்தக் கிழமை கடையில் இருக்க வேண்டும். 2008இல் சேகா வெளியிட்ட அயர்ன் மேன் அப்படி வந்ததுதான். ரொபர்ட் டவுனி ஜூனியரே குரல் கொடுத்தும் விமர்சனத்தில் அடி வாங்கியது. சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ் அதை விட விசித்திரம்: படம் 2006 நடுவில் வந்து போய்விட்டது, கேம் வருஷக் கடைசியில்தான் வந்தது, வந்தும் தப்பவில்லை. அதில் சூப்பர்மேனுக்கு உயிர்க்கோடே கிடையாது, நகரத்துக்குத்தான். அவனைக் கொல்ல முடியாது, நகரம் அடிபட்டு முடிந்தால் தோல்வி. யோசனை எனக்குப் பிடித்தது, விளையாடினால் வெறும் நிலத்தில் வண்டி ஓட்டுகிற மாதிரி.

தலைகீழாக நடந்தது 2009இல் ரேவன் ஸ்டூடியோ செய்த வுல்வரின் கேம். படத்தை எல்லாரும் திட்டினார்கள், கேமை பாராட்டினார்கள். அடிபட்டால் சதை பிய்ந்து எலும்பு தெரியும், கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றால் கண் முன்னாலேயே தோல் மூடும். சின்னப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வெட்டிய படத்தில் அந்த ரத்தம் கிடையாது. அதே வருஷம் எந்தப் படத்தையும் ஒட்டாமல் பேட்மேன் ஆர்க்கம் அசைலம் வந்தது, அதற்குப் பிறகு படத்தோடு கேம் என்ற வியாபாரமே மெல்ல மெல்லச் சுருங்கிவிட்டது.

வெள்ளவத்தை வாசி:

அடக் கடவுளே, இருபது வருஷமாக நான் தப்பான கேமைத் திட்டியிருக்கிறேன். நேற்று தெஹிவளையில் மச்சானிடம் போய் அவருடைய பழைய பிளேஸ்டேஷன் 2ஐயும் டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு வந்தேன். முதல் அரை மணித்தியாலம் நான் ரோட்டில்தான் கிடந்தேன், மகன் வயிறு பிடித்துச் சிரித்தான். அப்புறம் ஒரு தடவை சரியான நேரத்தில் விட்டு இரண்டு கட்டிடத்துக்கு நடுவில் பறந்தேன், வாய் தானாகத் திறந்துவிட்டது. மகன் கன்ட்ரோலரைப் பிடுங்கியவன் திருப்பித் தரவில்லை. பலூன் பிள்ளையை மூன்று தடவை கண்டாயிற்று, ஏழாவது கை சொன்னது சரி.

இப்போது புதுப் பிரச்சினை. ஒரு மணித்தியாலம் ஓடியதும் டிஸ்க் கர்ரென்று சுற்றுகிறது, வாசிக்கவில்லை. லென்ஸ் போய்விட்டதா?

பழைய மெமரி கார்ட்:

உடனே மாற்றாதீர்கள். முதலில் கழற்றி லென்ஸைத் துடைத்துப் பாருங்கள், அனேகமாகத் தூசிதான். மெஷினை நட்டுக்கு நிமிர்த்தி வைத்திருந்தால் படுக்கவைத்தும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். சேவ் பண்ணினீர்களா?

வெள்ளவத்தை வாசி:

மெமரி கார்ட் மச்சான் வீட்டில் அண்ணே.