இந்தியானா ஸ்டேட் ஏன் விடுபட்டது? விவரம் அறிந்தோர் உதவவும்

2024 மார்ச்சில் 28 வெற்றி, 6 தோல்வியுடன் நின்ற இந்தியானா ஸ்டேட் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, 68 அணிகள் ஆடிய என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) ஆடவர் போட்டிக்கு ஏன் தேர்வாகவில்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை. தான் சார்ந்த கல்லூரிக் குழுவான மிசௌரி வேலி கான்பரன்ஸின் இறுதியாட்டத்தில் டிரேக் பல்கலைக்கழக அணியிடம் 80–84 எனத் தோற்றதால், வென்ற அணிக்குரிய நேரடி இடம் கைநழுவியது; அது புரிகிறது. அந்த ஆண்டு மீதி 36 இடங்களைத் தேர்வுக் குழு நிரப்பியது. அணிகளை மதிப்பிட என்சிஏஏ பயன்படுத்தும் நெட் தரவரிசையைப் பார்த்தேன். இந்த அணிக்குப் பின்னால் இருந்த சில அணிகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. விதிமுறைகளையும் படித்தேன், அத்தரவரிசையின் முதல் 30 அணிகளைச் சொந்த அரங்கிலோ முதல் 75 அணிகளை எதிரணி அரங்கிலோ சந்திப்பது முதல் தர ஆட்டம் என்கின்றன, தேர்வில் அதன் எடை எவ்வளவு என்று சொல்லவில்லை. போட்டியில் இடம்பெறும் அணிக்காக என்சிஏஏ தரும் பங்குத்தொகை ஆறாண்டுகள் அதன் கான்பரன்ஸுக்குப் போய்ச்சேர்வதால், இடம் கிடைக்காதது சிறு கல்லூரிகளுக்குப் பேரிழப்பு. தேர்வுக் குழு நெட் தரவரிசையைவிட முதல் தர வெற்றிகளுக்கே முன்னுரிமை தருகிறதா?